வரப்புக் கீரையும் கேஸ் மாத்திரையும்

நைட் ஷிஃப்ட் முடித்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து வருபவர்கள் புதுவாயல் கூட்டுச்சாலையில் இறங்கி, வெறும் வயிற்றில் டீயை ஊற்றிக்கொண்டு, மெடிக்கலில் "அண்ணே, ஒரு கேஸ் மாத்திரை" என்பார்கள். கூடவே உடம்புவலிக்கு டைக்ளோபினாக். வயிற்றைப் புண்ணாக்குவதே அந்த இரண்டாவது மாத்திரைதான் என்பது பலருக்கும் தெரியாது.

இங்கெல்லாம் நெல் விளைந்த நாளில் வயிறு எரிந்தால் வரப்போரத்து மணத்தக்காளியைக் கிள்ளி வந்து, பாசிப்பருப்போடு கடைந்து போடுவார்கள். டாக்டர்கள் காரத்தையும் கவலையையும் குறை சொன்னார்கள், முற்றினால் ஆபரேஷன். 1982-இல் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு மருத்துவர்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்துக் காட்டிய பிறகுதான் ஆன்டிபயாடிக்கிலேயே புண் ஆறத் தொடங்கியது.

மூலிகையைச் சோதிக்கும் முறை மட்டும் அதிகம் மாறவில்லை. ஹாரி ஷே என்ற ஆய்வாளர் 1945-இல் சொன்ன வழிதான் இன்றும் நடக்கிறது. பட்டினி போட்ட எலிக்கு மயக்கம் கொடுத்து, இரைப்பை குடலோடு சேரும் வாயை நூலால் கட்டுவார்கள். தேங்கும் அமிலம் இரைப்பையின் சுவரையே அரிக்கும். சில மணி நேரம் கழித்து இரைப்பையை வெட்டி விரித்து, லென்ஸ் வைத்துப் புண்களை எண்ணி மதிப்பெண் போடுவார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் மல்லிகா ஜைனுவும் சியாமளா தேவியும் 2006-இல் மணத்தக்காளியை இப்படிச் சோதித்தார்கள். எலியின் எடையில் கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம் சாறு. புண் குறைந்தது; அமிலத்தைச் சுரக்கும் நொதியும் அடங்கியது. கேஸ் மாத்திரையான ஒமிப்ரசோல் அடக்குவதும் அதே நொதியைத்தான். பாட்டியின் கைமருந்துக்குக் கிடைத்த இந்தச் சான்று எனக்குப் பெருமைதான்.

ஆனால் அங்கேயே நின்றுவிட்டோமே என்ற ஆதங்கமும் உண்டு. செடிக்குச் செடி எலிக் கட்டுரைகள் குவிகின்றன, அந்த எலிகளும் உயிர்கள்தானே. கீரைக் கடையலும் ஆய்வகச் சாறும் ஒன்றல்ல. கறுப்பாக மலம் போனால் கீரையை நம்பி ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இனி வேண்டியது மனிதர்களிடம் சோதனை: வலி மாத்திரை தினமும் போடும் தொழிலாளர்களை அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து, கிருமி இருக்கிறதா என்று முதலில் பார்த்து, பாதிப் பேருக்கு வழக்கமான மருந்தோடு மணத்தக்காளிச் சாறும் கொடுத்து, எண்டோஸ்கோப்பியில் எல்லோர் வயிற்றையும் ஒப்பிட வேண்டும்.