விளையாட்டுப் பை எங்கே அறுகிறது?

சென்ற ஆண்டு ஒரு நாள் அதிகாலை, புளியங்குடிப் பேருந்து நிலையத்தில் தென்காசி வண்டிக்காகக் காத்திருந்தேன். என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர், தோளில் தொங்க வேண்டிய விளையாட்டுப் பையைக் குழந்தையை ஏந்துவதுபோல் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தார். தோள்வார் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. ஜிப்பும் பாதி வழியில் நின்றுவிட்டிருந்தது. அதன் வழியே ஒரு காலணி எட்டிப் பார்த்தது. தென்காசியில் அன்று அவருக்குக் கைப்பந்துப் போட்டி.

"போன மாசந்தான் சார் வாங்கினேன். நானூத்தம்பது ரூபாய். துணியைப் பாருங்க, இன்னும் புதுசாத்தான் இருக்கு" என்றார்.

உண்மைதான், துணி புதிதாகவே இருந்தது. அவருடைய தாயார் எலுமிச்சைக் கமிஷன் கடையில் காய் தரம் பிரிப்பவர். அந்த நானூற்றைம்பது ரூபாய் எத்தனை கூடைக் காய்களைப் பார்த்துப் பிரித்த கூலி என்று கணக்கிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வேறொரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. துணி புதிதாக இருக்கும்போதே பை ஏன் பயனற்றுப் போகிறது? குறைந்த விலையில் பை வாங்கும் ஒருவர் கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

உருளை வடிவமான இவ்வகைப் பையை 'டஃபல் பை' என்பார்கள். டஃபல் என்பது பெல்ஜியம் நாட்டிலுள்ள ஓர் ஊர். அவ்வூர்ப் பெயரால் வழங்கிய முரட்டுக் கம்பளித் துணியிலிருந்து பைக்குப் பெயர் வந்தது. இன்று கடையில் தொங்கும் பைகளில் கம்பளி ஏது? பெரும்பாலும் பாலியெஸ்டர், சில நைலான். கடைக்காரர் '600 டெனியர்' என்று ஒரு சொல்லைச் சொல்லுவார். 9,000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை எத்தனை கிராமோ, அதுவே அதன் டெனியர். எனவே டெனியர் என்பது இழையின் பருமனைக் காட்டும் எண். பையின் வலிமைக்கு அது சான்றிதழ் ஆகாது. பருமனான இழையை இடைவெளி விட்டு நெய்தால் அத்துணி எளிதில் விலகிக் கொடுக்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள் எங்கும் தெரிந்தால் நெசவு தளர்ச்சியானது என்று பொருள். துணியைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். ஏனெனில் விளையாட்டுப் பை துணியில் கிழிவது அரிது. அது தையலில் அறுகிறது.

தோள்வாரும் துணி காயும் கொடியும்

ஐந்து கிலோகிராம் பொருள் உள்ள பையை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 49 நியூட்டன். தோள்வாரின் இரு முனைகளும் பையின் இரு கோடிகளில் உள்ள வளையங்களில் மாட்டப்பட்டுள்ளன. வார் நேர் செங்குத்தாகத் தொங்கினால் ஒவ்வொரு முனையிலும் பாதி எடை, அதாவது 24.5 நியூட்டன் இழுவிசை இருக்கும். ஆனால் வார் செங்குத்தாகத் தொங்குவதில்லை. தோளிலிருந்து கூரை போல் இரு புறமும் சரிந்து இறங்குகிறது.

வளையங்களுக்கு இடையே 50 செ.மீ. தொலைவு என்க. பை மடங்காமல் நேராக இருக்கிறது என்றும் கொள்வோம். வாரின் நீளம் 100 செ.மீ. ஆனால் ஒவ்வொரு பக்கமும் செங்குத்தோடு 30 பாகைக் கோணம் அமையும். இழுவிசை 28 நியூட்டன். வாரைச் சுருக்கி 60 செ.மீ. ஆக்கிவிட்டால் கோணம் 56 பாகைக்கு மேல் விரிந்து, இழுவிசை 44 நியூட்டன் ஆகிவிடும். பையின் எடை கூடவில்லை. வாரைச் சுருக்கியதாலேயே தையலின் பாடு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆயிற்று. வீட்டில் துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டினால் அறுந்துவிடுகிறது, சற்றுத் தொய்வாகக் கட்டினால் தாங்குகிறது அல்லவா? அதே கணக்குத்தான் இது.

இவ்வளவும் பை அசையாமல் தொங்கும்போது. வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்து நிறைந்து வரும் பேருந்தில் ஓடி ஏறும்போது நடப்பதோ வேறு. பை 10 செ.மீ. விழுந்து வாரால் பிடித்து நிறுத்தப்படுகிறது என்போம். வாரும் தையலும் சேர்ந்து 2 செ.மீ. நீண்டு கொடுத்தால், பை மொத்தம் 12 செ.மீ. இறங்கிய ஆற்றலை அந்த 2 செ.மீ. தூரத்துக்குள் அடக்கியாக வேண்டும். எனவே சராசரி விசை எடையைப் போல் ஆறு மடங்கு. வார் ஒரு சுருள்வில்லைப் போல் நீள்வதாகக் கொண்டால், உச்ச நிலையில் அது பன்னிரண்டு மடங்கு, அதாவது 600 நியூட்டனை நெருங்கும்! ஒரு கணம் அந்த வார் அறுபது கிலோகிராம் மனிதர் ஒருவரைத் தாங்குகிறது என்று சொல்லலாம். கொஞ்சம் நீண்டு கொடுக்கும் வார் நல்லது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. இந்த ஒரு பண்பில் நைலான் வார் பாலியெஸ்டர் வாரைவிட மேலானது.

இனி, அந்த விசையை ஏற்கும் தையலைப் பாருங்கள். அஞ்சல் தலைகளைப் பிரிக்க வசதியாக வரிசையாகத் துளையிட்டிருப்பார்கள். துளை நெருங்க நெருங்கக் கிழிப்பது எளிது. வாரின் முனையில், இழுக்கும் திசைக்குக் குறுக்காக ஒரே வரியில் நெருக்கமாகத் தைத்தால் நாமே துணியில் ஓர் அஞ்சல் தலை ஓரத்தை உண்டாக்கி விடுகிறோம். வாரின் முனையைச் சதுரமாகத் தைத்து, அதனுள் பெருக்கல் குறி போல் இரண்டு மூலைவிட்டத் தையல் போட்டிருந்தால் விசை பல தையல்களுக்குப் பரவும். கைப்பிடி வார் மேலே மட்டும் ஒட்டியிராமல், பையின் அடிப்பாகத்தைச் சுற்றி மறுபுறம் ஏறியிருந்தால் இன்னும் நல்லது. அப்போது சுமையைத் தாங்குவது வார், துணி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே கடையில் பையை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. துணியின் வெட்டு ஓரம் நாடா வைத்து மூடப்பட்டிருக்கிறதா, அல்லது பிசிறு தெரிகிறதா? வார் முனைக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு துண்டுத் துணி வைத்திருக்கிறார்களா? வளையம் கம்பியை வளைத்துச் செய்தது என்றால் அதன் இரு முனைகளும் சேர்த்துப் பற்ற வைக்கப்பட்டிருக்கின்றனவா? சிறு இடைவெளி இருந்தாலும் வார் அதன் வழியே ஒரு நாள் நழுவி வெளியேறும்.

சும்மாடு சொல்லும் பாடம்

எலுமிச்சை மூட்டை சுமப்பவர்கள் தலையில் வெறுமனே மூட்டையை வைப்பதில்லை. துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து அதன்மேல் ஏற்றுகிறார்கள். எடை குறையவில்லை, பரப்பு கூடியதால் அழுத்தம் குறைகிறது.

தோள்வாரும் அப்படியே. 2.5 செ.மீ. அகலமுள்ள வார் தோளில் 8 செ.மீ. நீளத்துக்குப் படிகிறது என்றால் பரப்பு 20 சதுர செ.மீ. அதன்மேல் 49 நியூட்டன். மருத்துவர் இரத்த அழுத்தம் அளக்கும் அலகில் சொன்னால் இது 180 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சற்று மேல். தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் உள்ள அழுத்தமோ ஏறத்தாழ 30 மில்லிமீட்டர்தான். வாருக்கு அடியில் தோல் வெளுத்து, பிறகு மரத்துப்போவதன் காரணம் விளங்குகிறதா? வாரின் அகலத்தை 5 செ.மீ. ஆக்கினால் அழுத்தம் பாதியாகும். அப்போதும் அது 30-ஐ விட மிகுதியே. எனவே அகலமான வார் வாங்கினாலும் நடுநடுவே தோள் மாற்றத்தான் வேண்டும்.

முதுகின் கதை இன்னும் கடுமையானது. பை உடலின் ஒரு பக்கமாக, முதுகெலும்பிலிருந்து 25 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. அதைச் சமன்செய்ய மறுபக்கத்து முதுகுத் தசை இழுக்கிறது. தசைக்குக் கிடைக்கும் நெம்புகோல் கையோ ஏறத்தாழ 5 செ.மீ. தான். ஐந்து கிலோ பைக்கு அத்தசை இருபத்தைந்து கிலோ எடைக்கு நிகரான விசையைச் செலுத்த வேண்டியிருக்கிறது. வாரைக் குறுக்காக மார்பின்மேல் போட்டுப் பையை உடலை ஒட்டிப் பின்பக்கம் தள்ளிக்கொண்டால் அந்த 25 செ.மீ. குறையும். இந்திய அரசு 2020-இல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்கிறது. விளையாட்டுப் பைக்கும் அந்த வரம்பு நல்ல அளவுகோல். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோகிராம் என்பதை மறவாதீர்கள்.

இதனால்தான் பெரிய பை வேண்டாம் என்கிறேன். 25 செ.மீ. விட்டமும் 50 செ.மீ. நீளமும் உள்ள பையின் கொள்ளளவு 24.5 லிட்டர். விட்டத்தை 30 ஆக்கினால் 35 லிட்டர். பார்வைக்கு ஐந்து செ.மீ. வேறுபாடு, இடமோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கிடைத்த இடத்தை மனிதன் நிரப்பாமல் விடுவதில்லை. ஒரு கைப்பந்துக்கு ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவான இடம் போதும். காலணி, இரண்டு இணை உடை, துண்டு, தண்ணீர்க் குப்பி, பந்து ஆகிய அனைத்தும் சிறிய பையிலேயே அடங்கும்.

நாற்றத்தின் கணக்கு

விளையாட்டுப் பையின் இரண்டாவது எதிரி ஈரம். புதிதாகச் சுரந்த வியர்வைக்கு மணம் ஏதும் இல்லை என்றே சொல்லலாம். தோலிலும் துணியிலும் வாழும் பாக்டீரியங்கள் அதிலுள்ள பொருள்களைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. காலணி நாற்றத்துக்குப் பெரும் காரணமான ஐசோவேலரிக் அமிலம் அவ்வாறு உண்டாவதே. பாக்டீரியங்கள் பெருக ஈரம் வேண்டும்; மூடிய பை அதைத் தாராளமாக வழங்குகிறது. எவ்வளவு தாராளம் என்று பார்ப்போமா?

ஆட்டம் முடிந்து கழற்றிய உடையில் 150 கிராம் வியர்வை இருக்கிறது என்க. 30 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக 30 கிராம் நீராவியை ஏற்கும். ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடாக இருந்தால் அதில் 18 கிராம் முன்பே இருக்கிறது. இன்னும் ஏற்கக்கூடியது 12 கிராம். 40 லிட்டர்ப் பை என்பது 0.04 கன மீட்டர். பை முழுதும் காற்றே இருந்தாலும் அது ஏற்பது அரை கிராம்! 150 கிராம் நீர் உலர வேண்டுமானால் பைக்குள் உள்ள காற்று முந்நூறு முறை மாற வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் சாரல் விழும் நாள்களில், காற்றே ஏறத்தாழ நிறைவுற்று இருக்கும்போது, மூவாயிரம் முறை மாறினாலும் போதாது.

இன்னொரு தடையும் உண்டு. 150 கிராம் நீர் ஆவியாகத் தேவைப்படும் உள்ளுறை வெப்பம் ஏறத்தாழ 365 கிலோஜூல். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு வெப்பம் செலவாகும். கொடியில் தொங்கும் சட்டை இதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் பெறுகிறது. பைக்குள் சுருட்டிய சட்டைக்கு அதைக் கொடுப்பார் யார்?

பக்கவாட்டில் இரண்டு சிறு கண்களைப் பொருத்தி 'காற்றோட்டமுள்ள பை' என்று கூடுதல் விலை கேட்பார்கள். முந்நூறு முறை காற்று மாறுவதற்கு அந்தக் கண்கள் எம்மட்டு? பக்கம் முழுதும் வலையாக இருந்தால் ஓரளவு பயன் உண்டு. எலுமிச்சையைச் சாக்கில் கட்டி அனுப்புகிறார்களே, அதன் நெசவு இடைவெளிகளே காய்க்குக் காற்று வழி. நம் வீட்டு மஞ்சள் பையும் அத்தகையதே. ஈர உடையை ஒரு பருத்திப் பையில் தனியே வைத்து, வீடு சேர்ந்ததும் கொடியில் போட்டுவிட்டால், ஐந்நூறு ரூபாய்ப் பையும் ஐயாயிரம் ரூபாய்ப் பையும் ஒன்றே.

அப்படியானால் பையையே பருத்தியில் வாங்கினால் என்ன? பருத்தி, இயல்பான காற்றிலிருந்தே தன் எடையில் ஏழு, எட்டு விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நைலான் நான்கு விழுக்காடு. பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை. மழையில் நனைந்த கித்தான் பை கனப்பதும் மறுநாள் வரை காயாமல் இருப்பதும் இதனாலேயே. ஆகவே வெளிப்பை பாலியெஸ்டர், உள்ளே பருத்தி என்பது என் தேர்வு.

பாலியெஸ்டர்ப் பையின் உட்புறம் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். மழையைத் தடுப்பது அதுதான். விரலால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் அந்தப் பையை வைத்துவிடுங்கள். நல்ல பூச்சு இருந்தாலும் ஊசித் துளைகள் வழியேயும் ஜிப் வழியேயும் நீர் கசியும். 'நீர் புகாது' என்று அச்சிட்டிருப்பதை நம்பிப் பாடப் புத்தகத்தை உள்ளே வைக்க வேண்டாம்.

ஜிப்பைப் பற்றி ஒரு சொல். மூடிய பற்களின் அகலம் ஏறத்தாழ எத்தனை மில்லிமீட்டரோ, அதையொட்டி 5, 8, 10 என்று எண் இடுகிறார்கள். முதன்மை வாய்க்கு 8-க்குக் குறையாமல் பாருங்கள். வியர்வையின் உப்பு உலோகப் பற்களை அரிக்கும். பிளாஸ்டிக் பற்களே இதற்கு ஏற்றவை. முதலில் தேய்வது பற்கள் அல்ல, மேலே ஓடும் ரன்னர். அதை மட்டும் மாற்றச் செலவு மிகக் குறைவு.

அந்த மாணவர் புதுப் பை வாங்கவில்லை. போட்டி முடிந்து திரும்பியதும், இருசக்கர வண்டிகளுக்குச் சீட் கவர் தைக்கும் கடையில் பையைக் கொடுத்தார். அவர்களிடம் கனத்த தையல் இயந்திரமும் தடித்த நைலான் நூலும் உண்டு. வார் முனைகளின் பின்னால் பழைய ரெக்சின் துண்டு வைத்து, சதுரமும் பெருக்கல் குறியுமாகத் தைக்கச் சொன்னார், ரன்னரையும் மாற்றிக்கொண்டார். கடைக்காரர், "இதெல்லாம் யாரப்பா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாராம். சென்ற வாரம் அவரை மறுபடியும் பேருந்து நிலையத்தில் கண்டேன். பை தோளில் குறுக்காகத் தொங்கியது. துணி இப்போது சாயம் வெளுத்திருக்கிறது.