பட்டிக்குள் ஆண் கழுதை

காயடிக்காத ஆண் கழுதையை ஆடு மாடுகளோடு ஒரே பட்டியில் அடைப்பது ஆபத்தானது. ஒரு வயது வரை ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே சாதுவாகத் திரிந்த அதே கழுதை, பருவத்துக்கு வந்ததும் ஆட்டின் பிடரியைக் கவ்வி உதறும். முன்னங்கால்களை மடக்கி, மார்பால் அழுத்தி நசுக்கும். கன்றின் காலைக் கடிக்கும். பசுவின் மேல் ஏறப் பார்க்கும். அப்போதுதான் ஈன்ற குட்டியை மிதித்துக் கொன்றுவிடுவதும் உண்டு. வளர்ப்பவர்கள் இதைத் திமிர் என்பார்கள், அல்லது கழுதைக்குக் கெட்ட புத்தி வந்துவிட்டது என்பார்கள். இரண்டும் சரியல்ல. வறண்ட நிலத்தில் தனக்கென்று ஓர் எல்லை வகுத்து வாழ்ந்த விலங்கின் இயல்பு அது. அந்த இயல்புக்கு இடம் கொடுக்கப் பட்டிக்குள் வழியில்லை.

சென்னைப் புறநகரில் குன்றத்தூர், சோமங்கலம், மணிமங்கலம் போன்ற ஊர்களில் இந்த இடநெருக்கடி கண்கூடு. மேய்ச்சல் நிலமும் தரிசும் மனைப்பிரிவுகளாக மாறிய பிறகு, எஞ்சிய மாடுகளும் ஆடுகளும் வீட்டை ஒட்டிய கொட்டகையிலும் காலி மனைகளிலும் வளர்கின்றன. சலவைத் துணி சுமக்கவும் செங்கல், மணல் சுமக்கவும் முன்பு கழுதை தேவைப்பட்டது. அந்த வேலையைச் சரக்கு ஆட்டோக்கள் எடுத்துக்கொண்டன. நாடு முழுவதும் இதே நிலைதான். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் 3.2 லட்சமாக இருந்த இந்தியக் கழுதைகள், 2019 கணக்கெடுப்பில் 1.2 லட்சமாகக் குறைந்தன. இன்று தெருவில் ஓட்டிவந்து பாலாடைக் கணக்கில் கழுதைப்பால் விற்பவர்களிடமே கழுதைகளை அதிகம் காணலாம். பெண் கழுதை குட்டி போட்டால்தான் பால் சுரக்கும். சினைக்காலமோ ஏறத்தாழ 12 மாதம். ஆகவே நாலைந்து பெண் கழுதை வைத்திருப்பவர் ஓர் ஆண் கழுதையும் வைத்திருந்தாக வேண்டும். பிறக்கும் குட்டிகளில் பாதி ஆண். வளர்ந்த பின் அவற்றுக்குப் போக்கிடம் இல்லாததால் ஆடு மாடு கட்டும் இடத்திலேயே அவையும் கட்டப்படுகின்றன. தொல்லை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

இந்த நடத்தையின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டுக் கழுதையை மனிதர்கள் பழக்கினார்கள் என்று 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டுகிறது. குதிரைகள் ஓர் ஆணின் தலைமையில் மந்தையாக வாழ்பவை. புல்லும் நீரும் அரிதான நிலத்தில் வாழ்ந்த காட்டுக் கழுதைக்கு அத்தகைய நிலையான மந்தை கிடையாது. வலுவான ஆண், பெரும்பாலும் நீர்நிலையை ஒட்டி, பரந்த நிலப்பரப்பைத் தன் எல்லையாக வைத்துக்கொள்ளும். பெண் கழுதைகள் வரும், போகும். எல்லைக்குள் வரும் இன்னோர் ஆண் அடங்கிப் போனால் விட்டுவிடும்; எதிர்த்தால் சண்டை. ஒரே இடத்தில் சாணத்தைக் குவிப்பது, அதை மோந்து பார்த்து மேலுதட்டைச் சுருட்டுவது, தொலைவுக்குக் கேட்கும்படி கத்துவது ஆகிய மூன்றும் இந்த எல்லையைத் தெரிவிக்கவும் அறியவும் உதவும் வழிகள். விடியற்காலையில் தெருவையே எழுப்பும் கத்தலும் அதில் சேர்ந்ததுதான்.

இலங்கையின் மன்னாரிலும் கற்பிட்டிப் பகுதியிலும் கழுதைகள் கட்டின்றித் திரிகின்றன. அங்கே தோற்ற ஆண் ஓடி ஒதுங்குவதற்கு வெளி இருக்கிறது. பத்தடிக் கொட்டகையில் தோற்ற விலங்கு எங்கே ஓடும்? ஆட்டுக்குக் கழுதையின் சைகைகளும் புரிவதில்லை. காதுகளைப் பின்னால் படியவைத்து, கழுத்தைத் தாழ்த்தி நீட்டி, வாலை வீசினால் அடுத்தது கடிதான் என்று இன்னொரு கழுதைக்குத் தெரியும். செம்மறி அதைக் கண்டும் காணாமல் அங்கேயே அசைபோட்டுக்கொண்டு நிற்கும். விலகாத விலங்கை எதிர்க்கும் விலங்காகவே கழுதை எடுத்துக்கொள்கிறது.

இதற்கு முதன்மையான தீர்வு காயடித்தல். இனப்பெருக்கத்துக்குத் தேவைப்படாத ஆண் கழுதையை ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் காயடித்துவிடுவது நல்லது. ஆண் குட்டி ஒரு வயதை ஒட்டியே சினைப்படுத்தும் திறன் பெற்றுவிடலாம். தாயையும் உடன்பிறந்த பெண்ணையும் அது விட்டுவைக்காது. நாலைந்து வயது வரை தள்ளிப்போட்டால் வேறொரு சிக்கல் வரும். அதற்குள் கடித்தும் ஏறியும் பழகிய கழுதைக்கு, ஆண் ஊக்குநீர் (ஹார்மோன்) நின்ற பிறகும் பழக்கம் மிச்சமிருக்கும். அறுவைக்குப் பின் சில நாட்களிலேயே ஆண் ஊக்குநீரின் அளவு விழுந்துவிடுகிறது; நடத்தை மாறச் சில வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகும். விந்துக்குழாயில் தங்கிய உயிரணுக்களால் சினை பிடிக்க வாய்ப்பிருப்பதால், குறைந்தது ஒன்றரை மாதம் பெண் கழுதைகளிடமிருந்து அதைப் பிரித்தே வைக்க வேண்டும்.

காளைக்குச் செய்வதைப் போல இடுக்கியால் விரைநரம்பை நசுக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கழுதைக்கு அது உகந்த முறையல்ல. குதிரையைவிடக் கழுதையின் விரைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் பெரியவை. விரைப்பையைச் சுற்றிக் கொழுப்பும் அதிகம். அறுவை செய்து, குழாய்களைத் தையல்நூலால் கட்டி முடிச்சிட்டால்தான் இரத்தப்போக்கு கட்டுப்படும். மயக்க மருந்திலும் வேறுபாடு உண்டு. சில மருந்துகளைக் கழுதையின் உடல் குதிரையைவிட வேகமாக வெளியேற்றிவிடுவதால், குதிரைக்கான அளவில் கொடுத்தால் பாதியில் விழித்துக்கொள்ளும். அதனால் இது கால்நடை மருத்துவரின் கையால், மயக்க மருந்து கொடுத்து, தசைவிறைப்பு நோய்க்கு (டெட்டனஸ்) எதிரான ஊசியும் போட்டுச் செய்ய வேண்டிய வேலை. சென்னைப் புறநகருக்கு ஏற்ற காலம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி. தரை காய்ந்திருக்கும், வெயிலும் கடுமையாகியிருக்காது. இரண்டு விரைகளும் எடுக்கப்பட்டனவா என்பதை உறுதிசெய்ய வேண்டும். ஒன்று கீழிறங்காமல் வயிற்றுக்குள் தங்கியிருந்தால், வெளியே தெரிவதை மட்டும் எடுத்துப் பயனில்லை; கழுதை எப்போதும்போல் ஆண் கழுதையாகவே நடந்துகொள்ளும்.

பாலுக்காகக் கழுதை வளர்ப்பவரால் எல்லா ஆணையும் காயடிக்க முடியாது. இனப்பெருக்கத்துக்கென்று வைத்திருக்கும் ஓர் ஆணுக்குத் தனி அடைப்பு வேண்டும். ஐந்தடி உயரமாவது இருக்கும் உறுதியான வேலி, ஆடுகள் நுழைய முடியாத கீழ்க்கம்பிகள், மனிதர்கள் உள்ளே போகாமலே தீனியும் தண்ணீரும் வைக்கும் வழி ஆகியவை அடிப்படைத் தேவைகள். முள்கம்பி வேண்டாம், பெண் கழுதை பருவத்தில் இருக்கும்போது ஆண் கழுதை நெஞ்சைக் கிழித்துக்கொண்டாவது அதைத் தாண்டப் பார்க்கும். பெண் கழுதையின் பருவச் சுழற்சி சுமார் 24 நாள். அதில் ஆறு முதல் ஒன்பது நாள் அது ஆணை ஏற்கும். அந்த நாட்களைக் குறித்துவைத்து இரண்டையும் சேர்த்துப் பிரித்தால் மற்ற நாட்களில் அமைதி கிடைக்கும். இரண்டு ஆண் கழுதைகளை, பெண் கழுதையின் வாடை வரும் தூரத்தில், ஒன்றாகக் கட்டுவது சண்டையை வலிய வரவழைப்பதாகும்.

தனி அடைப்பு என்றால் தனிமைச் சிறை என்று பொருளல்ல. கழுதை துணையோடு இறுகப் பிணைந்துகொள்ளும் விலங்கு. துணையைப் பிரித்தால் சில கழுதைகள் தீனியையே விட்டுவிடும். அப்படிப் பட்டினி கிடக்கும் கழுதையின் இரத்தத்தில் கொழுப்பு பெருகி, ஈரல் கெட்டு, சில நாட்களில் உயிரே போகக்கூடும். ஆகவே ஆண் கழுதையின் வேலிக்கு அடுத்த பக்கம், கண்ணில் படும்படி, காயடித்த ஆண் ஒன்றை நிறுத்துவது நல்ல ஏற்பாடு.

தீனித்தொட்டிதான் சண்டை அடிக்கடி மூளும் இடம். கழுதைக்கு வைக்கோலும் காய்ந்த புல்லுமே போதும். தவிடும் புண்ணாக்கும் அள்ளிப் போட்டால் கொழுத்துப்போவதோடு, காவல் காக்க ஒரு தொட்டி கிடைத்தது என்று மற்ற விலங்குகளை விரட்டவும் தொடங்கும். தொட்டியைப் பிரிப்பதற்கு இன்னும் பெரிய காரணம் ஒன்றுண்டு. கோழித்தீவனத்திலும் சில மாட்டுத்தீவனங்களிலும் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து, குதிரை இன விலங்குகளின் இதயத் தசையைச் சிதைக்கும் நஞ்சு. மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவே கழுதையைக் கொன்றுவிடலாம். மழைக்காலத்தில் இன்னும் கவனம் தேவை. குதிரையின் மயிர் நீரை வழியவிடும்; கழுதையின் மயிர் அப்படியல்ல, நனைந்தால் ஊறிப்போகும். எனவே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கழுதையும் ஆடும் மாடும் ஒரே கூரைக்கடியில் நெருங்க நேர்கிறது. நடுவில் ஒரு மூங்கில் தடுப்பாவது இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பரவலாகக் காணும் இன்னொரு பழக்கம், முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளையிட்டு மேயவிடுவது. கழுதை தொலைவு போகாமல் தளை தடுக்கும், கடிப்பதைத் தடுக்காது. தெருநாய்கள் சூழ்ந்தால் தளையிட்ட கழுதையால் ஓடவும் முடியாது. நைலான் கயிறு குளம்புக்கு மேல் தோலை அறுத்து, அந்தப் புண்ணில் புழு வைப்பதைக் கால்நடை மருந்தகங்களில் காணலாம். மூக்கணாங்கயிறு குத்துவது கழுதைக்கு ஆகாது; தலைக்கயிறு போட்டுப் பழக்கினால் போதும். அடிப்பதால் பலனில்லை. அச்சம் வந்தால் குதிரை ஓடும், கழுதை பெரும்பாலும் உறைந்து நிற்கும். அதைப் பிடிவாதம் என்று எண்ணி அடித்தால், மனிதனும் எதிரிதான் என்று அது கற்றுக்கொள்ளும். தாயை இழந்த ஆண் குட்டியை வீட்டுப் பிள்ளையாகப் புட்டிப்பால் கொடுத்து, மேலே தாவி விளையாட விட்டு வளர்ப்பதும் பின்னாளில் ஆபத்தாகும். மனிதரைத் தன் இனமாகவே எண்ணி வளரும் அந்தக் குட்டி, பருவம் வந்ததும் வளர்த்தவர் மீதே ஏறும், கடிக்கும். குட்டி மற்றக் கழுதைகளோடு வளர்ந்தால் எல்லை எது என்பதை அவை உதைத்தே கற்றுக்கொடுத்துவிடும்.

கழுதையை ஆட்டுக்குக் காவலாக வைக்கலாம் என்ற கருத்து ஆஸ்திரேலியா, அமெரிக்கா, நமீபியா ஆகிய நாடுகளின் பண்ணைகளிலிருந்து வந்தது. நாய் இன விலங்கைக் கண்டால் துரத்தி மிதிக்கும் உணர்வு கழுதைக்கு இயல்பாகவே உண்டு. மெட்ராஸ் சிவப்புச் செம்மறிகளை நாய்க்கடிக்குப் பறிகொடுக்கும் புறநகர் வளர்ப்பாளருக்கு இது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அந்தப் பண்ணைகளில் காவலுக்கு நிறுத்துவது பெண் கழுதையை அல்லது காயடித்த ஆணை. காயடிக்காத ஆணை நிறுத்துவதில்லை. வேலியின் மறுபக்கம் கட்டி நாலைந்து வாரம் ஆடுகளைப் பழக்கிய பிறகே உள்ளே விடுகிறார்கள். ஆடு ஈனும் நாட்களில் கழுதையை வெளியே எடுத்துவிடுகிறார்கள். பரந்த மேய்ச்சல் நிலத்தில் பலிக்கும் முறை இது. இரவில் ஒரே கொட்டகையில் எல்லாவற்றையும் அடைக்கும் குன்றத்தூர் வீடுகளுக்கு இது பொருந்தாது. வீட்டு நாயும் அந்தக் கழுதைக்குப் பகைதான்.

எல்லா மூர்க்கமும் பருவத்தால் வருவதில்லை. கூரிய பல், வளர்ந்து வளைந்த குளம்பு, சேணப்புண் போன்ற வலிகளும் கடிக்கவைக்கும். பாரச்சுமையும் அப்படித்தான். 1965ஆம் ஆண்டின் சுமை விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்பு விதிகள் கழுதைக்கு 50 கிலோவை உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது வெறிநாய்க்கடி நோய். நேற்றுவரை அமைதியாக இருந்த கழுதை திடீரென்று ஓயாமல் கத்தினாலோ, தன் உடலையே கடித்துக்கொண்டாலோ, எச்சில் வடிய விழுங்க முடியாமல் தவித்தாலோ, வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கக் கூடாது. அதை ஒதுக்கி அடைத்துவிட்டு 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும். அதன் எச்சில் காயத்தில் பட்டவரோ கடிபட்டவரோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.