உம் கொட்டினால் போதுமா?

“எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர். மார்ச் கடைசியில் ஐபிஎல் தொடங்கினால் மே முடியும்வரை மதியச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது. எனக்குக் கிரிக்கெட் ஏறவில்லை, முயன்றும் பார்த்துவிட்டேன். அது முடிந்தால் மியூச்சுவல் ஃபண்ட், அப்புறம் பிக் பாஸ். நான் சாம்பார் சாதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். டப்பாவை எடுத்துக்கொண்டு என் சீட்டிலேயே சாப்பிட்டுவிடலாமா சார்? இதற்கு அறிவியலில் ஏதாவது வழி உண்டா?”

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கருந்துளையைப் பற்றியும் கரப்பான்பூச்சியைப் பற்றியும் கேள்வி வந்து குவியும் இந்தப் பக்கத்துக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததில் எனக்கு ஏக மகிழ்ச்சி. கருந்துளைக்காவது சமன்பாடு இருக்கிறது.

வழி உண்டு. ஆனால் அறிவியலின் பெயரைச் சொல்லி விற்கப்படும் வழிகள் அதைவிட அதிகம். முதலில் அவற்றைக் கூட்டித் தள்ளிவிடுகிறேன். நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் இதைக் கேட்டிருப்பீர்கள்: பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், குரலுக்கு 38, முகத்துக்கும் உடம்புக்கும் 55. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து வந்த எண்கள் இவை. அவர் ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்க வைத்தார், முகப் படங்களையும் காட்டினார். ‘இவருக்குப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா’ என்று கேட்பவர்கள் எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்று பார்த்தார். பொதுவான பேச்சுக்கு இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். எண்கள் மட்டும் பவர்பாயின்ட்டில் அமரத்துவம் பெற்றுவிட்டன. அவை உண்மையென்றால், துணைவரிகளை அணைத்துவிட்டுக் கொரியத் தொடர் பார்த்தாலும் 93 சதவீதம் புரிய வேண்டும். ‘அன்பு ஹார்மோன்’ ஆக்சிடோசினின் கதையும் இதே ஜாதகம்தான். மூக்கில் பீய்ச்சினால் பிறர்மேல் நம்பிக்கை கூடும் என்று 2005இல் வந்த ஆய்வை, பிறகு பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை.

சரி, அந்த மேசைக்கு வருவோம். பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்கும் கிரிக்கெட் வெறியா? இருக்க முடியாது. 2014இல் கஸ் கூனி, டேனியல் கில்பர்ட், டிமோதி வில்சன் ஆகிய உளவியலாளர்கள் ஒரு குறும்புத்தனமான சோதனை செய்தார்கள். நான்கு நான்கு பேராகக் கூட்டினார்கள். மூவருக்குச் சுமாரான ஒரு வீடியோ. நான்காமவருக்கு மட்டும், ஒரு தெரு வித்தைக்காரரைப் பற்றிய அருமையான வீடியோ. பிறகு நால்வரையும் ஐந்து நிமிடம் பேசவிட்டார்கள். சோர்ந்த முகத்தோடு வெளியே வந்தவர் யார்? நல்ல வீடியோ பார்த்த புண்ணியவான்தான். மற்ற மூவரும் தங்கள் சுமார் படத்தைப் பற்றிப் பேசிக் களித்தார்கள், இவருக்கு அதில் இடமில்லை. இதே மூவரணி 2017இல் இன்னொன்றையும் காட்டியது. புதியதைச் சொல்லத்தான் எல்லோரும் துடிக்கிறோம், ஆனால் கேட்பவருக்கு இனிப்பது ஏற்கெனவே தெரிந்த கதை. சொல்பவர் எப்போதும் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்கிறார். தெரிந்த விஷயமென்றால் அந்த ஓட்டைகளைக் கேட்பவர் தானே அடைத்துக்கொள்கிறார். ஆகவே நேற்றைய மேட்ச் என்பது எல்லோருடைய கையும் எட்டுகிற பொதுச் சட்டி. அதில் கிடப்பது என்ன என்பது அவ்வளவு முக்கியமில்லை.

வாசகியின் கை அந்தச் சட்டிக்கு எட்டவில்லை. அதனால் என்ன? இங்கேதான் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த காரணம் வருகிறது.

என் அப்பத்தா கதை தொடங்குமுன் ஒரு நிபந்தனை போடுவாள். “உம் கொட்டணும். உம் நின்னா கதையும் நின்னுரும்.” கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வரிக்கு ஒரு ‘உம்’ போட்டுக்கொண்டே கேட்போம். நாங்கள் தூங்கிவிட்டோமா என்று அறிய அவள் செய்யும் தந்திரம் அது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலஸும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகுதான் அப்பத்தாவின் தொழில்நுட்பம் விளங்கியது.

முன்பின் அறியாத 63 ஜோடிகள். ஒருவர், தனக்கு நேர இருந்த ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய கதையைச் சொல்ல வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். கேட்பவர் காட்டும் எதிர்வினைகளை ஆய்வாளர்கள் இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று பொது வகை: தலையாட்டல், ‘ம்’, நம் ஊரில் ‘ஆமா’, ‘சரி சரி’. கதையின் எந்த இடத்திலும் போடலாம், உப்பைப் போல. இன்னொன்று அந்த இடத்துக்கே உரியது: முகத்தைச் சுளிப்பது, மூச்சை உள்ளிழுப்பது, ‘ஐயையோ’, ‘அடப்பாவி’. லாரி பிரேக் போடாமல் வரும் வரியில் சொன்னால்தான் ‘ஐயையோ’ செல்லும். இரண்டு வரி தள்ளிச் சொன்னால் கோமாளித்தனம்.

பிறகு சில கேட்பவர்களின் கவனத்தைக் களவாடினார்கள். ‘டி’ எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கதையினூடே எண்ணச் சொன்னார்கள். எண்ண வேண்டுமென்றால் ஒவ்வொரு சொல்லையும் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும், ஆனால் கதை மனதில் ஏறாது. சாப்பாட்டு மேசையில் கைபேசியைத் தடவிக்கொண்டே ‘ம்… ம்…’ சொல்பவரின் நிலைமை இதுதான். இவர்களிடம் எதிர்வினைகள் குறைந்தன. குறிப்பாக இரண்டாம் வகை காணாமல் போயிற்று. இதை ஊகித்திருப்பீர்கள். ஊகிக்க முடியாதது, சொல்பவருக்கு நேர்ந்தது. தன் சொந்தக் கதையை, தான் செத்துப் பிழைத்த கதையை, அவர் மோசமாகச் சொன்னார். முடிவு வந்தபோதுதான் பெரிய சறுக்கல். சிலர் பொசுக்கென்று நிறுத்தினார்கள். சிலர் முடிவையே சுற்றிச் சுற்றி வந்து, ‘அதாவது அது எவ்வளவு ஆபத்து என்றால்’ என்று விளக்கவுரை எழுதினார்கள். பவேலஸ் சொல்வது இதுதான்: கேட்பவர் இணைக் கதைசொல்லி. வாய் ஒன்றாக இருக்கலாம், கதையை இருவர் சேர்ந்து சொல்கிறார்கள்.

கவனியுங்கள், அந்தக் கேட்பவர்களுக்கு எதிரில் இருப்பவரையும் தெரியாது, அவருடைய ஊரையும் தெரியாது. விஷயஞானம் எதுவும் தேவைப்படவில்லை. இப்போது லாரி வருகிறது, இப்போது ஓடுகிறார் என்று கூடவே நடந்தால் போதுமாக இருந்தது.

கூடவே நடப்பது எளிதென்று நினைக்க வேண்டாம். 2009இல் ஸ்டிவர்ஸ் குழுவினர் பத்து மொழிகளில் கேள்வி-பதில்களை அளந்தார்கள். (தமிழ் அந்தப் பத்தில் இல்லை.) ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவிநாடி அளவில் நின்றது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு ஏறக்குறைய 600 மில்லிவிநாடி பிடிக்கிறது. 600 பிடிக்கிற வேலை 200இல் எப்படி முடிகிறது? எதிராளி பேசி முடிக்கும் முன்பே, அவர் எங்கே முடிப்பார் என்று கணித்து நம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம்.

ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒருவர் குழவியைச் சுற்றுவார், எதிரே உட்கார்ந்தவர் குழிக்குள் மாவைத் தள்ளிவிடுவார். தள்ளிவிடுகிற கை, குழவி விலகிய கணத்தில் உள்ளே போய், அது திரும்பி வருமுன் வெளியே வர வேண்டும். குழவியைப் பார்த்துவிட்டுக் கையை விட்டால் விரல் நசுங்கும். அது எங்கே இருக்கும் என்று கணித்துத்தான் விட வேண்டும். தள்ளுகிற கை நின்றால் சுற்றுபவர் எவ்வளவு பலசாலியானாலும் குழவி வெறுங்கல்லில் உரசும், விளிம்பில் உளுந்து முழுசாக ஒட்டிக்கிடக்கும். இடையிடையே தெளிக்கும் தண்ணீர், நாம் கேட்கும் கேள்வி. அதிகமானால் மாவு நீர்த்துவிடும். ஒரேயடியாகப் பேசிக்கொண்டே போகும் யூடியூப் அண்ணன் இருக்கிறாரே, அவர் வெட் கிரைண்டர், தள்ளிவிட ஆளே வேண்டாம். ராத்திரி முழுக்க மூடிவைத்துப் புளிக்கவிடுவதற்கும் நட்புக்கும் என்னால் ஒரு பத்தி எழுத முடியும். உவமை ஏற்கெனவே பொங்கிப் பாத்திரத்துக்கு வெளியே வழிகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

வரலாறு இல்லாத அறிவியல் கட்டுரையை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே ஒரு பத்தி. தகவலுக்காக இல்லாமல் உறவுக்காகவே பேசும் பேச்சுக்கு மாலினோவ்ஸ்கி 1923இல் பெயர் வைத்தார். ‘சாப்டாச்சா’ என்பது சோற்றைப் பற்றிய கேள்வி இல்லை என்று நமக்குத் தெரிந்ததை அவர் ட்ரோப்ரியாண்ட் தீவுகளுக்குப் போய்க் கண்டுபிடித்தார். ‘ம்’ போன்ற பின்னொலிகளுக்கு விக்டர் இங்வே 1970இல் பெயர் தந்தார். இவர்கள் யாரும் வில்லுப்பாட்டு கேட்டதாகத் தெரியவில்லை. அதில் புலவர் ஒரு வரி சொன்னதும் ‘ஆமா’ போட ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். உம் கொட்டுவதற்கென்றே ஆள் வைத்த கலை அது.

இனி நடைமுறை. ஒரு சிக்கலை ஒப்புக்கொள்கிறேன். பவேலஸ் சோதித்தது கதைகளை. மதிய மேசையில் நெட் ரன் ரேட்டைக் கணக்குப் போடுகிறார்கள். புள்ளிப் பட்டியலுக்கு யாரும் ‘ஐயையோ’ போட முடியாது (சிஎஸ்கே ரசிகர்கள் விதிவிலக்கு). பட்டியலிலிருந்து கதையை வெளியே இழுக்க வேண்டும். ‘நீங்க சேப்பாக்கம் போயிருக்கீங்களாண்ணா? டிக்கெட் எப்படிக் கிடைச்சுது?’ இந்தக் கேள்விக்குக் கிரிக்கெட் தெரிய வேண்டியதில்லை. விடிகாலையில் போட்ட வரிசை, இணையத்தில் தொங்கிய பக்கம், போலி டிக்கெட்காரன் என்று லாரி தானாக வந்துசேரும். அங்கே உங்கள் ‘அடப்பாவி’க்கு வேலை இருக்கிறது.

ஒருவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பவரை மற்றவர்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது என்று ஹார்வர்டிலிருந்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. பதினைந்து நிமிட உரையாடலில் சிலரைக் குறைந்தது ஒன்பது கேள்வி கேட்கச் சொன்னார்கள், சிலரை நான்குக்கு மேல் கேட்காதே என்றார்கள். நிறையக் கேட்டவர்களுக்கே மதிப்பெண். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் பின்னாளில் வேறு ஆய்வுகளின் தரவு விவகாரத்தில் சிக்கினார் என்பதால் நான் இதைக் கொஞ்சம் தள்ளிவைத்தே பார்க்கிறேன். தவிர, ஒன்பது கேள்வியை அடுக்கினால் நம் ஊரில் ‘இந்தப் பொண்ணு எச்ஆருக்கு வேலை பாக்குதா’ என்பார்கள். தண்ணீர் அளவோடு.

இதைவிட நான் நம்புவது, எரிகா பூத்பியும் கூட்டாளிகளும் 2018இல் வெளியிட்டது. புதியவர்கள் இருவர் பேசி முடித்ததும் தனித்தனியே கேட்டார்கள்: அவரை உனக்கு எவ்வளவு பிடித்தது? உன்னை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும்? மற்றவருக்குத் தன்னைப் பிடித்த அளவைப் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிட்டார்கள். விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடம் இந்தக் குறைமதிப்பு மாதக் கணக்கில் நீடித்தது. ‘என்னை இவர்கள் மண்ணாங்கட்டியாக நினைக்கிறார்கள்’ என்று அந்த மேசையில் நினைத்துக்கொண்டிருப்பது வாசகி ஒருவராக மட்டும் இருக்காது. நெட் ரன் ரேட் போடுபவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவை பெரும்பாலும் மேற்கத்திய நாடுகளின் கல்லூரிப் பிள்ளைகளையும் ஆய்வறைகளையும் சார்ந்தவை. மேலாளரும் உட்கார்ந்திருக்கும் மேசையில், யார் சைவம் யார் அசைவம் என்று டப்பா திறக்கும்போதே கணக்கெடுக்கும் மேசையில் இவை எவ்வளவு செல்லும் என்று யாரும் எனக்கு உத்தரவாதம் தரவில்லை. புதிதாகச் சேர்ந்தவரின் சாதியை மெல்லத் துழாவும் பேச்சு சில இடங்களில் நடக்கிறது. அங்கேயும் பவேலஸ் உதவுவார், தலைகீழாக. உம் கொட்டாதீர்கள். முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு ‘டி’க்களை எண்ணுங்கள். சொல்பவர் முடிவில் தடுமாறட்டும்.

டப்பா விஷயம்: வாரத்துக்கு இரண்டு நாள் சீட்டில் சாப்பிடுங்கள், குடி முழுகிவிடாது. மற்ற மூன்று நாள் மேசைக்குப் போங்கள். கைபேசியை மட்டும் சீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அப்பத்தா வாக்குத் தவறாதவள். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். மறுநாள் கேட்டால் வேறு கதை தொடங்குவாள். ஏழு கடல் தாண்டிப் போன அந்த ராசகுமாரன் கிளியைப் பிடித்தானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.