கணிப்பொறிக்குத் தென்படாத ஹார்ட் டிஸ்க்: அபாயமும் பரிகாரமும்

வீட்டுக் கணிப்பொறியில் ஹார்ட் டிஸ்க் திடீரென்று தென்படாமற் போகும்போது, குடும்பப் புகைப்படங்களும் பத்திர நகல்களும் ஒருங்கே அழிந்தன என்று மனம் பதறுவது சகஜமே. ஆனால் அந்த நிமிஷத்தில் தகவல்கள் பெரும்பாலும் உள்ளே பத்திரமாகவே இருக்கின்றன என்பதையும், பிற்பாடு நாம் அவசரத்தில் செய்யும் காரியங்களே அவற்றை மீளாத சேதத்துக்கு உள்ளாக்கக்கூடும் என்பதையும் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

முதலில் மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க்கில் செருகியிருக்கும் அகலமான பவர் கேபிளையும் ஒடுக்கமான சாட்டா கேபிளையும் கழற்றி மறுபடி அழுந்தச் செருக வேண்டும். பயனில்லையேல் சாட்டா கேபிளையும் மதர்போர்டிலுள்ள போர்ட்டையும் மாற்றிப் பார்த்து, பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். அங்கே பெயர் வந்தும் விண்டோஸில் காணப்படாவிடில், டிஸ்க் மேனேஜ்மென்டில் அதற்கு டிரைவ் எழுத்து இல்லாதிருப்பது காரணமாகலாம். எழுத்தை ஒதுக்கினால் தீர்ந்தது. ஆனால் 'இனிஷியலைஸ்' என்றோ 'பார்மேட்' என்றோ திரை அனுமதி கேட்குமாயின், தகவல் வேண்டுமென்பவர் ஒருபோதும் சம்மதிக்கலாகாது.

டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று விட்டுவிட்டு ஓசை எழுந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். சுழலும் தட்டின்மீது தகவலைப் படிக்கும் முனை தூசியின் பருமனைவிடச் சிறிய இடைவெளியில் மிதந்து செல்வதால், வீட்டில் மூடியைத் திறப்பதும் ஃபிரிட்ஜில் வைத்தெடுப்பதும் எஞ்சிய நம்பிக்கையையும் கெடுக்கும் விபரீத உபாயங்களே.

வாரண்டி என்பது சாதாரணமாக டிஸ்க்குக்கு மாற்று டிஸ்க் தருமேயன்றித் தகவலுக்குப் பொறுப்பேற்பதில்லை. ஆகையால் தகவல் மீட்பவரிடம் கொடுப்பதற்கு முன், அதனால் வாரண்டி பாதிக்கப்படுமா என்று நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டறிவது உசிதம். பழுது பார்க்கும் கடையில் சீரியல் எண்ணும் உத்தேசக் கட்டணமும் குறித்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பதையும், நம்பி ஒப்படைத்த அந்தரங்கத் தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவதையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிகமுறை என்கிறது. அநீதி நேர்ந்தால் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். வக்கீல் இல்லாமலே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

கேபிளை மாற்றியதும் டிஸ்க் மீண்டும் தோன்றிவிட்டால், ஆபத்து நீங்கியதென்று பழைய வேலையைத் தொடராமல், அன்றைக்கே முக்கியமானவற்றை வேறு இரண்டு இடங்களில் பிரதியெடுத்து, அவற்றுள் ஒன்றை வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். தொலைந்த பொருளுக்குச் சட்டம் நஷ்டஈடு பெற்றுத் தரலாம், பிரதியில்லாத புகைப்படத்தை எந்த ஆணையத்தாலும் திருப்பித் தர இயலாது.