மலபார் நாக்கு மீன்: ஒரு சிறு மீனின் பொருளாதாரம்

கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் கரையை அடுத்த ஆழமற்ற கடலில், சேற்றுப்படுகையை ஒட்டி வாழ்வது மலபார் நாக்கு மீன். மலையாளத்தில் இது ‘மாந்தள்’ எனப்படும். ஒரு சாண் நீளத்திற்கும் குறைவான இம்மீன், குஞ்சாக இருக்கையில் ஏனைய மீன்களைப் போன்றே இருபுறமும் கண் கொண்டது. வளர வளர, வலக்கண் இடப்புறத்திற்கு நகர்ந்துவிடுகிறது. பின்னர் அது வலப்பக்கத்தைத் தரையில் பதித்து, சேற்றிலுள்ள புழுக்களையும் நுண்ணிய கணுக்காலிகளையும் உண்டு வாழ்கிறது.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இது கரையருகே திரள்கிறது. விலை மலிவாதலால் எளியோர் உணவில் இதற்குத் தனி இடம் உண்டு. மிகுதியாகக் கிடைப்பது வெயிலில் உலர்த்திக் கருவாடாக்கப்படுகிறது.

1950-களில் சேஷப்பா, பீமாச்சார் ஆகிய ஆய்வாளர்கள் இதன் செதில்களிலுள்ள வளையங்களைக் கொண்டு வயதைக் கணிக்கலாம் எனக் காட்டினர். மழைக்காலத்தில் இரை குன்றி வளர்ச்சி தடைப்படுவதே வளையம் தோன்றக் காரணம். இவ்வாறு கணித்ததில் தெரியவந்த உண்மை, இம்மீனின் ஆயுள் மிகக் குறுகியது என்பதாகும்.

இவ்வுண்மையின் பொருளாதார உட்பொருள் கருதத்தக்கது. நீண்ட ஆயுளுடைய மீனினத்தில் பல வயதுத் தொகுதிகள் இருக்கும். ஓராண்டின் இழப்பை அவை ஈடுசெய்யும். நாக்கு மீனுக்கு அத்தகைய சேமிப்பு இல்லை. இவ்வாண்டின் குஞ்சுகளே அடுத்த ஆண்டின் மூலதனம். மழைக்குப்பின் இனப்பெருக்கம் தொடங்கும் வேளையிலேயே மீன்பிடிப்பும் உச்சமடைகிறது. இறாலை நாடிப் படுகையை வாரிச்செல்லும் இழுவலைகளில் இதன் குஞ்சுகளும் சிக்குகின்றன.

கேரள அரசு 1988 முதல் மழைக்கால இழுவலைத் தடையை நடைமுறைப்படுத்தி வருகிறது. 2017-இல் 58 மீனினங்களுக்குக் குறைந்தபட்சப் பிடிப்பளவு வகுக்கப்பட்டது. எனினும், வலைக்குள் வந்தபின் குஞ்சுகளை அளப்பதால் மட்டும் பயனில்லை. அவை தப்பிச் செல்லத்தக்க வலைக்கண் அளவே முதல் தேவை. 

ஏற்றுமதியால் அன்னியச் செலாவணி ஈட்டித்தரும் இறாலுக்குக் கிட்டும் கவனம், மலிவான மீனுக்கு எளிதில் கிட்டுவதில்லை. ஆனால் இறாலின் விலை உயர்வால் ஏழையின் உணவில் புரதம் கூடிவிடாது. கடல்வளத் திட்டங்களை மதிப்பிடுவோர் மீனின் விலையோடு, அதனை உண்போர் யாவர் என்பதையும் கணக்கில் கொள்ளுதல் இன்றியமையாதது.