பட்டுக்கூட்டில் மருந்துக் கூழ்: விலை ஏறுமா?

பட்டுக்கூட்டிலிருந்து மருந்து செய்கிறார்களாமே, நம் கூட்டுக்கு விலை ஏறுமா என்று மல்பெரி விவசாயிகள் கேட்பது நியாயமே. விடை சொல்லுமுன், கூட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

புழு உமிழும் இழையில் இரண்டு புரதங்கள் உள்ளன. உள்ளே இருக்கும் நார் பைப்ராயின். அதன்மேல் பூசிய பசை செரிசின். கூட்டின் ஓட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நார், கால் பங்கு பசை. நூல் எடுக்கும்போது வெந்நீரில் இளகுவது இந்தப் பசைதான். அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பட்டு நூலால் தையல் போட்டு வருவதால், உடம்புக்குப் பட்டு புதிதல்ல.

நாரை நீராக்கும் செய்முறையை அமெரிக்காவின் டப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லான் குழுவினர் 2011-ல் விரிவாக வெளியிட்டனர். கூட்டைக் கத்தரித்துப் புழுவை நீக்கி, 5 கிராம் ஓட்டை 2 லிட்டர் நீரில் சிறிது சோடியம் கார்பனேட் இட்டு அரைமணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். பசை கழன்று பஞ்சு போன்ற நார் மிஞ்சும். அதை உலர்த்தி, லித்தியம் புரோமைடு என்ற உப்பின் அடர்ந்த கரைசலில் 60 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்தால் கரைந்துவிடும். பிறகு சவ்வுப் பையில் ஊற்றி, இரண்டு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைத்தால் உப்பு வெளியேறிப் பட்டு நீர் தங்கும். இது ஆய்வுக்கூட வேலை. வீட்டு அடுப்பில் முயலக் கூடாது.

இந்த நீரைக் காதுக்கு எட்டாத ஒலியலையால் அதிரச் செய்தால், பால் தயிராவது போல் உறைந்து கூழாகிறது. புரதச் சரங்கள் விசிறி மடிப்பாக மடிந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்வதே காரணம். உறையுமுன் மருந்தைக் கலந்தால் அந்த வலைக்குள் தங்கிச் சிறுகச் சிறுகக் கசியும். பட்டைக் கூட்டினால் கசிவு மெதுவாகும். நாளடைவில் கூழும் உடம்பிலேயே கரைந்துவிடும்.

இதனால் யாருக்கு லாபம்? விழித்திரை நோயாளிகள் பலர் மாதம் ஒருமுறை கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அந்த பெவாசிசுமாப் மருந்தைப் பட்டுக் கூழில் வைத்து முயலின் கண்ணில் செலுத்தியதில், மூன்று மாதம் வரை மருந்து நின்றதாக 2015-ல் ஆய்வு வெளியானது. மாத ஊசிக்குப் பயந்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் பட்டுக் கூழ் மருந்துகளில் பெரும்பாலானவை இன்னும் ஆராய்ச்சி நிலையைத் தாண்டவில்லை.

இப்போது விலைக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ வெண்பட்டுக் கூட்டில் ஓடு சுமார் 200 கிராம். பசை போக நார் 140 கிராம். 7 சதவீதப் பட்டு நீராக்கினால் 2 லிட்டர். கண்ணில் போடும் ஊசியின் அளவு 0.05 மில்லி. அதாவது ஒரு கிலோ கூடு 40,000 ஊசிக்குக் காணும்! பாதி வீணானாலும் 20,000. ஆகவே இந்த மருந்து நாளை கடைக்கு வந்தாலும், சில விவசாயிகளின் கூடே அதற்குப் போதும். இதை நம்பி மல்பெரிப் பரப்பைக் கூட்ட வேண்டாம். மருந்துக் கம்பெனிக்குக் கூடு வேண்டும் என்று ஒப்பந்தம் பேசி முன்பணம் கேட்டு யாராவது வந்தால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் 2012-ல் பட்ட பாடு ஈரோட்டுப் பக்கத்து விவசாயிகளுக்கு நினைவிருக்கும்.

பயன் அறவே இல்லை என்பதற்கில்லை. நாரைக் கரைத்துவிடுவதால் இதற்கு இழை அறுபடாமல் வர வேண்டியதில்லை. நூலுக்கு ஆகாத இரட்டைக் கூடும், உருவம் கெட்ட கூடும் போதும். ஆனால் சுத்தமாக இருக்க வேண்டும். உள்ளே புழு செத்து அழுகிய கறைக் கூடு உதவாது. ஆராய்ச்சி நிலையங்கள் எப்போதாவது கேட்டால் கொடுக்க, கறையில்லாத கழிவுக் கூட்டைத் தனியே பிரித்து, நன்கு உலர்த்தி வைத்திருந்தால் போதும்.