அடுப்பு அணைந்ததா?

ஞாயிறு பூசைக்கு இரண்டாம் மணி அடித்துவிட்டது. அடுப்பில் பருப்பு வேகிறது. உள்ளறையில் நடக்க இயலாத பாட்டி படுத்திருக்கிறார். “வருவதற்குள் வெந்துவிடும்” என்று விறகைச் சற்றே வெளியே இழுத்துவிட்டு, கதவைச் சாத்திப் புறப்படுகிறோம். இது சரிதானா?

தீ எரிய எரிபொருள், பிராணவாயு, வெப்பம் ஆகிய மூன்றும் தேவை. விறகை இழுத்தால் சுடர் அடங்குமே தவிர, கங்கு அடங்காது. சாம்பல் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. காற்றையும் சிறிதளவே உள்ளே விடும். ஆகவே சாம்பலுக்குள் கங்கு பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். இரவில் மூடிய கங்கை ஊதிக் காலையில் அடுப்பு மூட்டிய நம் பாட்டிமார் இதை நன்கு அறிவர். காற்று வீசினால் ஒரு பொறியே கீற்றுக் கூரைக்குப் போதும்.

1666 செப்டம்பர் 2-ஆம் நாள் லண்டனில் ஒரு ரொட்டிக் கடையில் தொடங்கிய தீ, ஏறத்தாழ 13,200 வீடுகளையும் புனித பவுல் பேராலயத்தையும் அழித்தது. அடுப்பை அணைத்துவிட்டதாகவே கடைக்காரர் சாதித்தார்!

எனவே வெளியே புறப்படுமுன் கொள்ளியை இழுத்து நீர் தெளிப்போம். கங்கைக் கிளறி, மீண்டும் சிறிது சிறிதாகத் தெளிப்போம்; மொத்தமாக ஊற்றினால் ஆவி கையைச் சுட்டுவிடும். சுள்ளி, மண்ணெண்ணெய், துணி ஆகியவற்றை அடுப்பை விட்டு அகற்றி வைப்போம்.

பூசைக்கு ஐந்து நிமிடம் தாமதமானாலும் இறைவன் பொறுத்துக்கொள்வார், தீ பொறுக்காது.